முந்நூறு வகுத்தல் ஒன்று

நாப்பத்தியொண்ணுங்க. உங்களுது? நாப்பத்திரண்டா? அப்ப எனக்கடுத்து நீங்கதான். உக்காருங்க, இந்தப் பையை இக்கட்டால எடுத்துக்கறேன். அவசரப்பட்டு ஒண்ணும் ஆகப்போறதில்லீங்க. இன்னும் இருபத்தெட்டையே கூப்பிட்டுட்டு இருக்காங்க. பத்திர ஆபீசு சர்வர் படுத்துருச்சாம். நல்ல நாள் பாத்து நாமெல்லாம் வருவோம்னு அதுக்குத் தெரியும் போல.

கிரயமுங்களா உங்களுது? கிரயம்னா தொல்லை இல்லை. ஒருத்தர் குடுக்கறாரு, ஒருத்தர் வாங்கறாரு, முடிஞ்சுது. என்னுது விடுதலைப் பத்திரமுங்க. என் தங்கச்சி வசந்தாமணி எனக்கு எழுதிக் குடுக்கறா. எங்கப்பா விட்டுட்டுப் போன தென்னந்தோப்புல எனக்கு இருக்கற பாத்தியதையை அண்ணனுக்கே விட்டுக் குடுத்துட்டேன்னு ஒரு வரி. கீழ ஒரு கையெழுத்து. அவ்வளவுதான் வேலை. பத்து மணிக்கு வந்துருன்னு சொல்லியிருந்தேன். மணி என்னங்க? பத்தே முக்காலா? பாருங்க, இன்னும் ஆளைக் காணோம். போனும் எடுக்க மாட்டேங்கறா.

இத்தனைக்கும் காரணம் என்னன்னு சொன்னா நீங்க சிரிப்பீங்க. ஒரு கணக்கு. ஆறாங்கிளாஸ் கணக்கு. சிரிக்காதீங்க சார், எனக்கு வயிறு எரியுது.

என் பேரு நாச்சிமுத்துங்க. ஆனைமலைக்கு அக்கட்டால நம்ம ஊரு. எனக்கு ஒரே புள்ள, கனிஷ்கா. எங்கூர் யூனியன் பள்ளிக்கோடத்துல ஆறாவது படிக்கறா. கணக்குன்னா எம் புள்ளைக்கு உசுரு. நான் சொல்லிக் குடுத்ததுதான். நான் எட்டாவதோட நின்னவன், ஆனா வகுத்தல்ல என்னை ஒருத்தனும் அசைக்க முடியாது. தோப்பு வெச்சிருக்கறவனுக்கு வகுக்கத் தெரியாட்டி எப்படிங்க? வேன் ஒண்ணுக்கு எத்தனை காய், குழி ஒண்ணுக்கு எத்தனை கூடை எரு, எல்லாம் வகுத்தல்தானே. "ஒரே தாவா தாவாதே அம்மிணி, ஒவ்வொரு படியா எறங்கு. விடை தப்பா வந்தா மேல இருந்து ஒவ்வொரு வரியாப் பாத்துட்டு வா, எந்த வரியில தப்புன்னு அதுவே சொல்லும்"னு சொல்லிச் சொல்லி வளத்தேன். நல்லதுக்குத்தான் சொன்னேன். அது எங்க வந்து நிக்குது பாருங்க.

அரையாண்டுப் பரிச்சையில எப்சிபா டீச்சர்னு ஒருத்தங்க ஒரு கணக்குக் குடுத்தாங்க. நாகர்கோயில் பக்கத்துக்காரங்க. இங்க வந்து ரெண்டு வருசந்தான் ஆகுது. அந்தக் கணக்கு எனக்கு மனப்பாடம். கேட்டுக்குங்க. "ஒரு விவசாயியின் தென்னந்தோப்பில் 14 வரிசைகள் உள்ளன. ஒவ்வொரு வரிசையிலும் 24 மரங்கள். காற்றில் 36 மரங்கள் சாய்ந்துவிட்டன. மீதியுள்ள மரங்களை அவர் தம்முடைய ஒரு மகனுக்கும் இரண்டு மகள்களுக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்தால், ஒருவருக்கு எத்தனை மரங்கள் கிடைக்கும்?" அஞ்சு மார்க்கு.

எம் புள்ள எப்படிப் போட்டிருந்தா தெரியுங்களா? பதினாலு பெருக்கல் இருபத்திநாலு, முன்னூத்தி முப்பத்தாறு. அதுல முப்பத்தாறு போக முன்னூறு. முன்னூறு வகுத்தல் ஒண்ணு, முன்னூறு. விடை, மகனுக்கு முன்னூறு மரங்கள். அதுக்குக் கீழ இன்னொரு வரி. "மகள்கள் கையெழுத்துப் போட வேண்டும்."

அந்தக் கடைசி வரியைக் கவனிச்சீங்களா? கேள்வியில கையெழுத்தைப் பத்தி ஒரு வார்த்தை இல்லீங்க. அவளா யோசிச்சு எழுதியிருக்கா. பதினோரு வயசுப் புள்ள. ஊட்டுல நடக்கற பேச்சையெல்லாம் காதுல வாங்கி, எடத்துக்குத் தக்க எழுதியிருக்கா. படிச்சதும் எனக்கு அப்படியே நெஞ்சு நெறைஞ்சு போச்சு.

மார்க்கைப் பாத்தா மூணு. மேல ரெண்டு படிக்கும் சரி போட்டுட்டு, மூணாவது படியில சிவப்பு மையில இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் ஒரே இழுப்பு. ரெண்டு மார்க்கு போச்சு. நூத்துக்குத் தொண்ணுத்தெட்டு. மத்த எந்தக் கணக்குலயும் அரை மார்க்குக் கூடக் குறையலை. இந்த ரெண்டு மார்க்குல மொத எடம் யாருக்குப் போச்சுன்னு கேளுங்க. எங்க தோப்புல காய் வெட்டற ரங்கன் மகளுக்கு. நான் எந்த மொகத்தை வெச்சுட்டு அவன்கிட்ட அடுத்த வெட்டுக்கு வாடான்னு சொல்றது?

சும்மா இருப்பேனா? மறுநாளே பேப்பரை மடிச்சுப் பையில வெச்சுட்டுப் பள்ளிக்கோடம் போயிட்டேன்.

"டீச்சர், எம் புள்ள கணக்கு சரி. மார்க்கைப் போடுங்க"ன்னேன்.

"எப்படிங்க சரி? மூணு பேருக்குச் சமமான்னு கேள்வியிலயே இருக்கே"ன்னாங்க.

"அப்பக் கேள்வி தப்புங்க. எங்கூர்ல அப்படிப் பிரிக்கற வழக்கமில்லை. நீங்க வெளியூரு, உங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியாததுக்கு எம் புள்ள மார்க்கை எப்படிக் குறைக்கலாம்?"னு கேட்டேன். நியாயந்தானுங்களே?

அவங்க பீரோவுல இருந்து ஒரு கட்டுப் பேப்பரை எடுத்து மேஜை மேல பரப்புனாங்க. "கிளாஸ்ல மொத்தம் பதினேழு பேருங்க. பதினொரு பேரு உங்க மகள் மாதிரியேதான் வகுத்திருக்காங்க. அதுல ஏழு பேரு பொம்பளப் பிள்ளைங்க. மூணு நாளா எனக்குச் சோறு எறங்கலைங்க"ன்னாங்க. அந்தம்மாவுக்கு எதுக்குச் சோறு எறங்கலைன்னே எனக்கு வெளங்கலை.

ஆனா எனக்குப் பிடி கெடச்சுருச்சு. விடுவேனா? "பதினேழுல பதினொண்ணு ஒரே மாதிரி எழுதியிருக்குதுன்னா தப்பு யார் மேலன்னு நீங்களே சொல்லுங்க. புள்ளைங்க மேலயா, கேள்வி மேலயா? மீதி ஆறு பேரு யாருங்க? ரங்கன் மக, அந்தச் செங்கல் சூளைக்காரன் பசங்க... தோப்புத் தொரவு இல்லாத ஊட்டுப் புள்ளைங்க. அதுங்க மூணால வகுக்கும், முப்பதால வகுக்கும். வகுத்துக் குடுக்கறதுக்கு அதுங்க ஊட்டுல என்ன இருக்குது?"ன்னேன்.

அதுக்கு அந்தம்மா ஒரு கேள்வி கேட்டாங்க பாருங்க. மெதுவாத்தான் கேட்டாங்க. "ஐயா, மகளுக்குப் பங்கே இல்லைன்னா அவகிட்ட எதுக்குங்க கையெழுத்து? இல்லாத ஒண்ணை எப்படிங்க எழுதிக் குடுக்கறது?"

"அது சும்மா சட்டத்துக்குங்க. ஒரு மொறை"ன்னு சொல்லிட்டு வந்துட்டேன். இன்னும் நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டிருக்கணும். எனக்கெல்லாம் கேட்டைத் தாண்டுன பொறவுதான் நல்ல பதிலே வரும். என்ன பதில்னு கேக்காதீங்க, இன்னும் யோசிச்சுட்டுத்தான் இருக்கேன்.

முப்பத்தொண்ணா? முப்பத்தொண்ணு கூப்பிட்டுட்டாங்க. சர்வர் எந்திரிச்சுருச்சு போல. இவளைக் காணோமே.

ஒண்ணு சொல்றேன் கேளுங்க, என்னைத் தப்பா நெனச்சுராதீங்க. தங்கச்சியை ஏமாத்தறவன்னு நெனச்சுட்டீங்கன்னா அது பெரும் பாவம். வசந்தாமணிக்கு நான் செய்யாத சீரில்லை. அவ மக பெரியவளானப்ப தாய்மாமன் சீரு இருபத்தொரு தட்டு. உடுமலையில அவ குடியிருக்கற தெருவே வந்து நின்னு பாத்துது. வருசம் தவறாம பொங்கலுக்குப் போயிருவேன். அவளும் எம்மேல உசுருங்க. எங் கல்யாணத்துல கூடப் பொறந்தவளா நின்னு இணைச்சீர் பண்ணுனவ அவதானே. கூறைச்சேலைத் தலைப்பைப் புடிச்சுட்டு எம் பக்கத்துல நின்னப்ப அவளுக்குப் பத்தொம்பது வயசு. அப்படி நின்னவ இன்னிக்கு என்னை இப்படி நிக்க வெச்சுட்டா.

எங்கப்பா படுத்த படுக்கையாக் கெடந்தது பதினோரு மாசம். அவதான் வந்திருந்து பாத்தா. மூத்திரம் மலம் எல்லாம். குறை சொல்ல மாட்டேன், நல்லாத்தான் பாத்தா. நான் பக்கத்துல உக்காந்துட்டா தோப்பை யாருங்க பாக்கறது? தண்ணி கட்டணும், வெட்டு இருக்கும். தோப்புன்னா சும்மாவா! சின்ன வயசுல அவளும் பாத்தவதான். கெணறு வத்திப் போன வருசம், பள்ளிக்கோடம் விட்டு வந்து ரெண்டு வரிசைக் கன்னுக்குக் கொடத்துல தண்ணி சொமந்து ஊத்துனவ. இப்பவும் ஊருக்கு வந்தா அந்த ரெண்டு வரிசையில போய்த்தான் நிப்பா. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். எளநி கூட வெட்டிக் குடுப்பேன்.

அம்மா முன்னமே போயிருச்சு, அப்பா போயி மூணு வருசமாச்சு. ஒவ்வொரு காகிதத்துக்கும் வி.ஏ.ஓ. ஆபீசு போனா "தங்கச்சி கையெழுத்து எங்கங்க?"ன்னு கேக்கறாங்க. என் தோப்புக்கு நான் சொந்தக்காரன்னு சொல்ல எனக்கு அவ கையெழுத்து வேணுமாம். எனக்கு அப்படியே பத்திக்கிட்டு வரும். அவகிட்டச் சொன்னேன். "அதுக்கென்னங்கண்ணா, தேதி சொல்லுங்க, வர்றேன்"ன்னா. நிசமாச் சொல்றேன், ஒரு வார்த்தை மறுத்துப் பேசலை. அதெல்லாம் அந்தக் கணக்குக்கு முன்னாடி.

நான் போய்ச் சண்டை போட்டுட்டு வந்தேன்ல, அந்தம்மா அதோட விடலை. பதினேழு பேருக்கும் ஊட்டுக் கணக்குன்னு ஒண்ணு குடுத்துட்டாங்க. உங்க ஊட்டுத் தோட்டத்துல, இல்லைன்னா தெரிஞ்சவங்க தோட்டத்துல, மரத்தை எண்ணுங்க. அதை வெச்சு நீங்களே ஒரு கணக்கு உண்டாக்கி, படிப்படியாப் போட்டுட்டு வாங்க. அதான் கணக்கு. எம் புள்ள குதிச்சுட்டு வந்து, "அப்பா, தோப்புக்குப் போலாம்"னா. எனக்கும் சந்தோசம். இந்தத் தடவை நம்ம தோப்பு, நம்ம கணக்கு, எவ குறைக்கறா மார்க்கைன்னு பாக்கலாம்னு கூட்டிட்டுப் போனேன்.

பதினெட்டு வரிசை. வரிசைக்கு இருபத்திரண்டு. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுத் தொட்டு எண்ணுனா. முன்னூத்தித் தொண்ணுத்தாறு வந்துச்சு. வாடல் நோவுல போனது இருபத்தெட்டு. "அதைக் கழிக்கணும்ப்பா"ன்னா. கழிச்சா முன்னூத்தி அறுபத்தெட்டு. அப்பறம் அவளே நின்னு, "அப்பா, மாரியம்மனுக்கு நேந்து விட்ட எட்டு மரம் இருக்குதே, அது நம்முளுது இல்லையே"ன்னா. எப்படி ஞாபகம் வெச்சிருக்கா பாருங்க! அதையும் கழிச்சா முன்னூத்தி அறுபது. நானே மறந்துருப்பேன். எனக்கு அப்படியே தூக்கி வெச்சுக்கலாம் போல இருந்துச்சு.

மோட்டார் ரூமுக்குப் பக்கத்துல நின்னு கேட்டா. "அப்பா, தாத்தாவுக்கு எத்தனை புள்ளைங்க?"

நான் வரப்பை வெட்டிவிட்டுட்டே, "ரெண்டு. நானும் உங்கத்தையும்"னு சொல்லித் தொலைச்சுட்டேன். வாய் இருக்குது பாருங்க. நானாத்தான் சொன்னேன்.

முன்னூத்தி அறுபது வகுத்தல் ரெண்டு. நூத்தியெம்பது. போட்டுட்டா. போட்டதோட விட்டாளா? எம் பொண்டாட்டி போன்ல நோட்டைப் படம் எடுத்து வாட்ஸ்அப்புல அத்தைக்கு அனுப்பிட்டா. கூடவே பேச்சு வேற. "அத்தை, உங்களுக்கு நூத்தியெம்பது மரம். கணக்கு சரியான்னு பாத்துச் சொல்லுங்க." எங்கிட்டக் காட்டறதுக்கு முன்னாடி அங்க போயிருச்சுங்க. பாத்துட்டான்னு நீலக் கோடும் விழுந்துருச்சு. ரெண்டு நாளா அங்கிருந்து ஒரு பதிலும் இல்லை.

பொங்கலுக்குச் சீரோட போனேன். கரும்பு, மஞ்சக்கொத்து, புதுச்சேலை எல்லாத்தையும் வாங்கி வெச்சா. காப்பி குடுத்தா. குடுத்துட்டு எதிர்ல உக்காந்து சொல்றா. "ஏனுங்கண்ணா, பங்கு பங்குன்னு நீங்க பேசறப்பெல்லாம் எனக்கு அது வெறும் பேச்சாத்தான் இருந்துச்சு. போனாப் போகுதுன்னுதான் இருந்தேன். எத்தனைன்னு இத்தனை வருசத்துல யாரும் எனக்குச் சொன்னதில்லை. நூத்தியெம்பதுன்னு அந்தப் புள்ள சொன்னதும், ஒவ்வொரு மரமாக் கண்ணுல தெரியுதுங்கண்ணா. அதுல நான் தண்ணி ஊத்துன நாப்பத்திநாலும் தெரியுது."

நாப்பத்திநாலு! ரெண்டு வரிசைக்கு நாப்பத்திநாலுன்னு பெருக்கி வெச்சிருக்கா. இவளும் கணக்குல எறங்கிட்டா. காப்பி டம்ளரை டொக்குன்னு கீழ வெச்சேனுங்க. "நான் உனக்கு என்னத்தைக் குறை வெச்சேன் சொல்லு? என் தோப்புக்கு நடுவுல உன் ஊட்டுக்காரர் கம்பி வேலி போடறதைப் பாக்கறதுக்கா உன்னை இப்படி வெச்சிருந்தேன்? கெணறு அந்தப் பாதியில போச்சுன்னா என் பாதி காஞ்சு சாகட்டுமா?"ன்னு கத்திட்டேன். அவ பதிலுக்குச் சத்தம் போடலை. "சொன்ன தேதிக்கு வர்றேங்கண்ணா"ன்னா. வர்றேன்னு சொன்னா போடறேன்னுதானே அர்த்தம்? அப்படித்தான் எடுத்துக்கிட்டேன்.

எல்லாம் எதுக்குங்க? எனக்கா? நான் எத்தனை நாளைக்கு? எல்லாம் எம் புள்ளைக்கு.

போன வாரம் டீக்கடையில எம் பெரியப்பன் மகன் காளியப்பன் இருந்தான். எங்க பங்காளி. இளிச்சுட்டே சொல்றான். "எதுக்கு நாச்சிமுத்து, விடுதலை அது இதுன்னு இப்படி அலையற? உனக்கு ஒரு பொட்டப் புள்ள. கடைசியில அந்தத் தோப்பு எங்க பசங்களுக்குத்தானே வரப்போகுது." எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! டீக் கிளாசை அப்படியே ரோட்டுல அடிச்சேன். "பொண்ணுன்னா என்னடா? அவ எங்கப்பன் ரத்தமில்லையா? பொறந்த மண்ணுல அவளுக்கு இல்லாத பாத்தியதை எவனுக்குடா இருக்குது? இவ பொண்ணு, அதனால இவளுக்குக் கெடையாதுன்னு சொல்றவன் மனுசனாடா?"ன்னு கேட்டேன். அவன் தலையைத் தொங்கப் போட்டுட்டுப் போயிட்டான். நீங்களே சொல்லுங்க, நான் கேட்டதுல ஒரு வார்த்தை தப்பிருக்குதுங்களா?

அதான். அதனாலதான் தோப்பு மொத்தமா மொதல்ல என் பேருக்கு வரணும். அப்பறம் அப்படியே அவ பேருக்கு. முன்னூத்தி அறுபதும்.

முப்பத்தஞ்சுங்களா? இப்ப வேகமாப் போறாங்க பாருங்க. இவ வர்றதுக்குள்ள என் நம்பர் போயிரும்.

இன்னிக்குக் காத்தால நடந்ததையும் சொல்லிர்றேன். சொல்லாம இருந்தா எனக்கு மாரு அடைக்கும். பத்திரம், வாரிசுச் சான்று எல்லாம் பையில எடுத்து வெச்சுட்டு இருக்கேன். எம் புள்ள யூனிபார்ம் போட்டுட்டு இட்லி தின்னுட்டு இருந்தா. கையில அந்த நோட்டு, பென்சில்.

"அப்பா, ஒரு சந்தேகம்."

"சொல்லம்மிணி."

"பரிச்சையில நான் போட்டதுதான் சரின்னு நீங்க டீச்சர்கிட்டச் சண்டை போட்டீங்கள்ல. மகன் எத்தனை பேரோ அத்தனையால வகுக்கணும். அப்படித்தானே?"

"ஆமா."

"அப்ப நம்ம ஊட்டுல மகன் பூஜ்யம். பூஜ்யத்தால வகுக்கவே கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க. முன்னூத்தி அறுபதைப் பூஜ்யத்தால எப்படிப்பா வகுக்கறது? அப்ப நம்ம தோப்பு யாருக்கு?"

அறைஞ்சுட்டேங்க.

பதினோரு வருசத்துல அவ மேல கை வெச்சதில்லை. ஒரு வெரல் பட்டதில்லை. இட்லித் தட்டு ஒரு பக்கம், பென்சில் ஒரு பக்கம். அவ அழுகக் கூட இல்லீங்க. கன்னத்தைப் புடிச்சுட்டு என்னையே பாத்தா. "உனக்குத்தாண்டி எல்லாம்! உனக்குத்தான்!"னு கத்துனேன். கத்திட்டு வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன். வழியெல்லாம் கை எரிஞ்சுது. எல்லாம் அந்த டீச்சரால. ஒரு அப்பனும் புள்ளையும் நிம்மதியா இருந்தது பொறுக்கலை அந்தம்மாவுக்கு. என்ன கேள்வி சார் அது? பூஜ்யமாம்! யாரு பூஜ்யம்? எம் புள்ளையா பூஜ்யம்?

இருங்க. அதோ வர்றா. அந்த ஊதாக் கலரு ஸ்கூட்டி. அப்பாடா, வந்துட்டா. நான் சொல்லலை? என் தங்கச்சி வருவான்னு எனக்குத் தெரியும். பின்னால உக்காந்திருக்கறது யாரு?

எம் புள்ளைங்க. யூனிபார்மோட இருக்கா.

வா வசந்தா, மணியைப் பாத்தியா? ஏன் அம்மிணி, நீ பள்ளிக்கோடம் போகலையா? என்னது? போன் பண்ணுனாளா? உடுமலையில இருந்து நேரா ஊருக்குப் போயி இவளைக் கூட்டிட்டு வர்றியா? அதுக்குத்தான் போனை எடுக்கலையா? சரி. சரி. அந்தக் கன்னத்தை எனக்குக் காட்டாத வசந்தா. யார் அடிச்சதுன்னு கேக்கற வேலையெல்லாம் வேண்டாம். நாந்தான் அடிச்சேன். இந்தக் கைதான்.

என்ன நோட்டு இது? கணக்கா? இப்ப எதுக்குக் கணக்கு? டோக்கன் நாப்பது ஓடிட்டு இருக்குது வசந்தா, உள்ள வா, கையெழுத்தைப் போட்டுட்டுப் பேசலாம்.

சார், கேட்டீங்களா இவ சொல்றதை? "எம் மருமக போட்டிருக்கற கணக்குல எந்த வரி தப்புன்னு நீங்களே ஒரு கோடு போட்டுக் காட்டுங்கண்ணா. காட்டிட்டீங்கன்னா நீங்க நீட்டற எடத்துலயெல்லாம் நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்"கறா. எப்படி இருக்குது பாருங்க! எனக்கேவா? எனக்கே கணக்கா? நாந்தானடி இவளுக்குச் சொல்லியே குடுத்தேன். சார், பேனா இருக்குங்களா? எந்த மையா இருந்தாலும் சரி. குடுங்க. ஒரு நிமிசத்துல அடிச்சுக் குடுத்துர்றேன்.

குடு அம்மிணி நோட்டை. பதினெட்டு பெருக்கல் இருபத்திரண்டு, முன்னூத்தித் தொண்ணுத்தாறு. இது சரி. கூட நின்னு எண்ணுனவன் நானு. இருபத்தெட்டு போக முன்னூத்தி அறுபத்தெட்டு. சரி. கோயிலுக்கு எட்டு போக முன்னூத்தி அறுபது. சரி. அடுத்தது. "தாத்தாவின் பிள்ளைகள்: அப்பா, அத்தை. 2." இங்கதான். இங்கதான் அடிக்கணும். இது... வாரிசுச் சான்றுலயும் அப்படித்தான் இருக்குது. பையில இருக்குது. தாசில்தாரு சீல் போட்டது. சரி, அது போகட்டும். முன்னூத்தி அறுபது வகுத்தல் ரெண்டு, நூத்தியெம்பது. அத்தைக்கு நூத்தியெம்பது. அப்பாவுக்கு நூத்தியெம்பது.

இன்னும் இருக்குதா? இது காத்தால இல்லையே. எப்ப எழுதுன இதை? நான் அடிச்ச பொறவா?

"அப்பாவின் பிள்ளைகள்: நான். 1. நூற்றியெண்பது வகுத்தல் ஒன்று. எனக்கு 180."

பூஜ்யத்தை எடுத்துட்டியா அம்மிணி?

இருங்க சார், ஒரு நிமிசம். மேல அந்த ரெண்டை அடிச்சா, கீழ இந்த ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. அத்தையை அடிச்சா இவளையும் அடிக்கணும். இவளை விடணும்னா... இருங்க. மறுபடியும் மேல இருந்து வர்றேன். பதினெட்டு பெருக்கல் இருபத்திரண்டு. சரி. நீ ஏன் அம்மிணி என்னையே பாக்கற? அக்கட்டால பாரு. வசந்தா, நீ பேசாத. நீ ஒண்ணும் பேசலைதான், இருந்தாலும் பேசாத.

நாப்பத்தியொண்ணா? இருக்கேனுங்க! இங்கதான் இருக்கேன், வந்துட்டேன். ஒரு வரி பாத்துட்டு வர்றேன், சித்த இருங்க. அட, அதுக்குள்ள அடுத்த நம்பரைக் கூப்பிட்டா எப்படிங்க?

உங்களுதுதான் சார். நாப்பத்திரண்டு. நீங்க போங்க, போய் முடிச்சுட்டு வாங்க. பேனா மட்டும் சித்த நேரம் எங்கிட்ட இருக்கட்டுங்க.